வெந்த பண்டமும் பச்சைக் காயும்: ஸ்தோத்திரம் பற்றிச் சில குறிப்புகள்

'நன்றி' என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. கைமாற்றாக அரைப்படி அரிசி வாங்கிக்கொண்டு போகிறவள் 'நல்லாருப்ப' என்பாள். ராத்திரியில் பிரசவத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனவனுக்கு 'ஒம் புள்ளைய நல்லாருக்கும்' என்று வாழ்த்து கிடைக்கும். நன்றி மேடைக்குரிய சொல், நோட்டீஸின் கடைசி வரிக்குரிய சொல். கோயிலுக்குள் நுழைந்தாலோ கதை வேறு. அங்கே 'தோத்திரம்' இல்லாமல் மூச்சு விட முடியாது. ஐயரைக் கண்டால் தோத்திரம், உபதேசியாரைக் கண்டால் தோத்திரம், ஜெபத்தில் அடுத்த வாக்கியம் கிடைக்காமல் திணறும்போது தோத்திரம், காணிக்கைக் கவரின்மேல் அச்சடித்த ஸ்தோத்திரம். வாழ்த்தாகவும் முகமனாகவும் இடைவெளி நிரப்பியாகவும் ரசீதாகவும் ஒரே சொல் உழைக்கிறது.

இந்தச் சொல்லின்மேல் எனக்கு நீண்டகாலமாக ஒரு கோபம். கோபம் என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. கிறிஸ்தவத்தை விட்டு வெளியே வந்திருந்தால் அது வெறும் கோபமாக முடிந்திருக்கும். நான் வெளியே வரவில்லை. ஆகவே இதை வெளியிலிருந்து செய்யப்படும் கட்டுடைப்பாக அல்லாமல், உள்ளே கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனின் முணுமுணுப்பாக வாசகர் எடுத்துக்கொள்ளலாம். உயிருக்காக, சுகத்துக்காக, சோற்றுக்காகத் தேவனுக்கு நன்றி சொல்லுதல் என்கிற செயல் யார் வாயிலிருந்து, யார் முன்னால், எதை மறைத்துக்கொண்டு நிகழ்கிறது என்பதுதான் என் கேள்வி.

1978ஆம் வருஷம் என்று நினைக்கிறேன். எனக்குப் பத்து வயது. எங்கள் தெருவில் இருந்தது சின்ன ஜெபவீடு. அறுப்பின் பண்டிகைக்கு மட்டும் குளக்கரை வழியே நடந்து சேகரத்தின் தலைமைக் கோயிலுக்குப் போக வேண்டும். (இந்தப் பண்டிகை ஏதோ மோசே காலத்திலிருந்து நேராக நமக்கு வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இன்று நாம் கொண்டாடும் வடிவத்தை 1843இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், மார்வென்ஸ்டோ என்ற கடலோரக் கிராமத்தில் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்ற குருவானவர் தொடங்கினார். கோதுமை விளையும் நாட்டின் பண்டிகையைத் தாமிரபரணி வயல்காட்டுக்குள் நட்டார்கள், அதுவும் பிடித்துக்கொண்டது.) நிலம் உள்ளவர்கள் நெல்லும் வாழைத்தாரும் கொண்டுவருவார்கள். நிலம் இல்லாத கூலிக்காரியான என் அம்மா இரண்டு பொருள் கொண்டுபோனாள். ஒன்று கூரையில் படர்ந்த கொடியில் காய்த்த பூசணிக்காய். இன்னொன்று ஓலைப்பெட்டி நிறைய அதிரசம். வெல்லமும் எண்ணெயும் கடையில் கடன் சொல்லி வாங்கி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து சுட்டது.

ஆராதனை முடிந்ததும் ஏலம். சந்தையில் ரெண்டு ரூபாய் பெறாத பூசணிக்காய் முப்பது ரூபாய்க்குப் போனது. ஆண்டவருக்குப் போகிற பணம் அல்லவா, இரண்டு பெரிய வீட்டுக்காரர்கள் போட்டி போட்டு ஏற்றினார்கள். அம்மாவின் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்து அதிரசம். 'அம்பது எண்ணம், நயமான அதிரசம், யாரு கேக்கிய?' கூட்டத்தில் யாரோ மெதுவாக 'எந்த வீட்டுது?' என்றார்கள். ஏலம் போடுகிறவர் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பதில். ஒரு தரம், ரெண்டு தரம். எங்கள் தெருக்காரரான உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு 'அஞ்சு ரூவா' என்றார். மூணு தரம். அடுத்த பொருளாக ஒரு சேவலைத் தூக்கிக் காட்டினார்கள், கூட்டம் மறுபடி கலகலப்பானது.

பச்சைக் காய்க்குத் தீட்டு இல்லை, வெந்த பண்டத்துக்கு உண்டு. இதைப் புரிந்துகொள்ள லெவிஸ்ட்ராஸ் எனக்குத் தேவைப்படவில்லை என்று ஒரு காலத்தில் திமிராக எழுதியிருக்கிறேன். அன்று பத்து வயதில் எனக்குப் புரிந்தது வேறு. தேவன் வாங்கிக்கொண்டதாகச் சொல்லப்படும் காணிக்கையை அவருடைய ஜனங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி படுக்குமுன் அம்மா வழக்கம்போல முழங்கால் போட்டு, மழைக்கு, பிள்ளைகளுக்கு, வேலைக்கு, பூசணிக்காய்க்கு, அதிரசத்துக்கு என்று ஒவ்வொன்றாகத் தோத்திரம் சொன்னாள். நான் கேட்டேன்: 'அதிரசத்துக்கு எதுக்கும்மா தோத்திரம்?' அவள் திரும்பிப் பார்த்து, 'ஏல, அவுகளுக்கா நான் குடுத்தேன்?' என்றாள்.

இந்தப் பதிலோடு நாற்பது வருஷத்துக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவமானத்தை விழுங்கச் சொல்லிக்கொடுக்கும் கருத்தியலின் குரல் என்று இதை வாசிப்பது சுலபம். மார்க்சியம் படித்த நாட்களில் அப்படித்தான் வாசித்தேன். தமிழில் இந்த வாசிப்புக்குச் சொல்லே இடம் கொடுக்கிறது. நாம் 'நன்றிக்கடன்' என்கிறோம். கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டியது, கடமை என்றும் பொருள். நேர்ந்துகொண்டதைச் செலுத்துவது நேர்த்திக்கடன். பண்ணையார் வீட்டு உப்பைத் தின்றவன் வாய் திறக்கக்கூடாது என்பது செஞ்சோற்றுக்கடன். கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுப்பது என்ற மூன்று கட்டாயங்களால் கொடை இயங்குகிறது என்று மார்செல் மோஸ் 1925இல் எழுதினார். திருப்பிக் கொடுக்க முடியாதவன் கீழே நிற்கிறான், நன்றி என்பது அவன் தவணை முறையில் கட்டும் வட்டி. 1991இல் தெரிதா இன்னும் ஒரு படி போய், கொடை என்று அறியப்பட்ட கணத்திலேயே அது கொடையாக இல்லாமல் போகிறது, நன்றிகூட ஒரு பதில் கொடுக்கல்தான் என்றார். அப்படியானால் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லத் தேவனுடைய கொடை கெட்டுக்கொண்டே வருகிறதா? கேட்க வேடிக்கையாக இருந்தாலும் ஏலக்கடையைப் பார்த்தவன் இதைச் சிரித்து ஒதுக்க மாட்டான்.

ஆனால் சொல்லின் இன்னொரு பழைய அடுக்கும் இருக்கிறது. குறளின் அதிகாரத் தலைப்பு 'நன்றி' அல்ல, 'செய்ந்நன்றி அறிதல்'. அங்கே நன்றி என்பது செய்யப்பட்ட நன்மை. அதற்கு எதிர்வினையாக நம்மிடம் கேட்கப்படுவது அறிதல். எது, யாரிடமிருந்து, என்ன வழியாக, யாருடைய உழைப்பில் வந்தது என்று அறிவது. 'கடன்' என்ற சொல்லிலிருந்து 'அறிதல்' என்ற சொல்லுக்கு நகர்ந்தால் ஸ்தோத்திரத்தின் பொருளும் நகர்கிறது. நம்முடைய கோயில்களில் கேட்கும் ஸ்தோத்திரம் பெரும்பாலும் இந்த அறிதலுக்கு எதிரான வேலையைச் செய்கிறது. வந்த வழியை அழித்துவிட்டு, வானத்திலிருந்து நேராக என் மடியில் விழுந்ததுபோல் காட்டுகிறது.

'சாட்சி' என்ற வகைமையை எடுத்துக்கொள்வோம். இலக்கிய விமர்சகர்கள் யாரும் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும். தமிழில் மிக அதிகமாக உற்பத்தியாகும் தன்வரலாற்று வடிவம் இதுவாகத்தான் இருக்கும். அதற்கென்று ஒரு கதையாடல் இலக்கணம் உண்டு: ஆபத்து, ஜெபம், விடுதலை, ஸ்தோத்திரம். வேலை கிடைத்தது, வீடு முடிந்தது, விசா வந்தது. பஸ் கவிழ்ந்தது, எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று சாட்சி சொல்கிறவர் சொல்வதில்லை, சபையாரும் கேட்பதில்லை. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் அன்று நூற்றுக்கணக்கான யாத்ரீகர்கள் செத்துப்போனார்கள், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள். அடுத்த சில மாதங்கள் நான் கேட்ட சாட்சிகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: 'எங்க குடும்பத்தை மட்டும்'. இந்த 'மட்டும்' இல்லாமல் நம்மால் நன்றி சொல்ல முடிவதில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை பிணங்கள் கிடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் ஸ்தோத்திரம் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. லூக்கா கண்டுபிடித்துவிட்டார்.

நன்றி சொல்லுதல் என்பதற்கான கிரேக்க வினைச்சொல் 'யூக்கரிஸ்டெயோ'. லூக்கா சுவிசேஷத்தில் இது நான்கே நான்கு இடத்தில் வருகிறது. முதல் தடவை 17ஆம் அதிகாரத்தில், குஷ்டம் நீங்கித் திரும்பி வந்த சமாரியன் சொல்கிறான். இரண்டாவது 18ஆம் அதிகாரத்தில், தேவாலயத்தில் நிற்கும் பரிசேயன் சொல்கிறான். மற்ற இரண்டும் 22ஆம் அதிகாரத்தில், பிடிபடப் போகிற ராத்திரியில் பாத்திரத்தையும் அப்பத்தையும் எடுத்துக்கொண்டு இயேசு சொல்வது. நம் பழைய மொழிபெயர்ப்பும் நான்கு இடத்திலும் ஸ்தோத்திரம் என்ற சொல்லையே வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களின் இந்த நேர்மைக்கு நாம் நன்றி அறிய வேண்டும். ஏனென்றால் நம் வாயில் இருக்கும் அதே சொல் பரிசேயன் வாயிலும் இருக்கிறது என்பதை அது ஒளித்துவைக்கவில்லை. பரிசேயன் எதற்காக ஸ்தோத்திரம் சொல்கிறான்? தான் மற்றவர்களைப் போல, பக்கத்தில் நிற்கும் வரி வசூலிக்கிறவனைப் போல இல்லை என்பதற்காக. 'மட்டும்' என்கிற சொல்லின் இறையியல் இது. நன்றியே எல்லைக்கோடு போடுகிறது. (இதைப் படித்துவிட்டு 'அந்த யூதர்கள் அப்படித்தான்' என்று போதிக்கும் பிரசங்கிமார் உண்டு. ஆண்டவரே, நாங்கள் அந்தப் பரிசேயனைப் போல இல்லை, ஸ்தோத்திரம்! பொறி எவ்வளவு கச்சிதமாக வைக்கப்பட்டிருக்கிறது பாருங்கள்.)

சமாரியன் கதையை ஞாயிறு பள்ளியில் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்? பத்துப் பேருக்குச் சுகம் கிடைத்தது, ஒன்பது பேர் நன்றி கெட்டவர்கள், நீங்கள் பத்தாவது ஆளாக இருங்கள். பிரதியை மெதுவாக வாசித்தால் வேறு ஒன்று தெரிகிறது. அந்த ஒன்பது பேரும் சொன்னதைத்தான் செய்தார்கள். ஆசாரியரிடம் போய்க் காட்டுங்கள் என்று சொன்னவர் இயேசுதான். ஆசாரியன் சுத்தம் என்று அறிவித்தால்தான் ஊருக்குள் போக முடியும், வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியும். சமாரியனுக்கு எருசலேமில் எந்த ஆசாரியன் இருக்கிறான்? வியாதி இருந்தவரைக்கும் பத்துப் பேரும் ஒரே கூட்டம். யூதரும் சமாரியரும் ஒரே எட்ட நின்று, ஒரே குரலில் கத்தினார்கள். குஷ்டம் அவர்களுக்குள் இருந்த வேலியைத் தின்றிருந்தது. சுகம் வந்ததும் வேலியும் வந்துவிட்டது. ஒன்பது பேர் தங்கள் இடத்துக்குப் போனார்கள், போக இடமில்லாதவன் திரும்பி வந்தான். இயேசு அவனைக் குறிப்பிடும் 'அந்நியன்' என்ற சொல்லின் கிரேக்க மூலம் புதிய ஏற்பாடு முழுக்க இந்த ஓரிடத்தில்தான் வருகிறது. அதே சொல் பொறித்த கல் ஒன்று 1871இல் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தேவாலயத்தின் உள்வேலியைத் தாண்டி அந்நியன் வந்தால் சாவு என்று எச்சரிக்கும் கல். தமிழ்நாட்டுக்காரனுக்கு அந்தக் கல்லை விளக்க வேண்டியதில்லை. லூக்காவின் முதல் ஸ்தோத்திரம் அந்த வேலிக்கு வெளியிலிருந்து வருகிறது, இரண்டாவது வேலிக்கு உள்ளே நின்று சொல்லப்படுகிறது. இரண்டையும் அடுத்தடுத்த அதிகாரத்தில் வைத்தவர் தெரியாமல் வைத்திருக்க மாட்டார்.

மூன்றாவதும் நான்காவதும் சாப்பாட்டு மேஜையில். அந்த வினைச்சொல்லிலிருந்துதான் சடங்குக்கே பெயர் வந்தது. கத்தோலிக்கர் அதை 'நற்கருணை' என்று தமிழாக்கினார்கள். அழகான சொல்தான். ஆனால் நன்றி சொல்கிற மனுஷனின் செயல் அதில் மறைந்து, மேலிருந்து வரும் கருணை மட்டும் தங்கிவிட்டது. இந்த விருந்தைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய பதிவு பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம். அதை அவர் எதற்காக எழுதினார்? வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள் என்ற புகாருக்காக. நன்றியின் சடங்கு பிறந்த கையோடு பந்தி வஞ்சனையும் பிறந்துவிட்டது. நம் ஊரில் அதைச் சுவராகவே கட்டினோம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழும்பிய கோயில், கால்சட்டையின் இரண்டு கால்போல இரு பக்கமாகப் பிரிந்து பீடத்தில் போய்ச் சேரும். ஒரு பக்கம் வேளாளரும் அவரைச் சார்ந்த சாதியினரும், மறுபக்கம் நாடார், நடுவில் சுவர். 1910இல் கௌசானல் அடிகள் அதை இடித்தபோது வழக்கு நடந்தது. ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' இதையெல்லாம் விவரமாகச் சொல்கிறது. எனக்கு அதில் உறுத்துவது ஒன்றுதான். சுமார் நாற்பது வருஷம் சுவரின் இரண்டு பக்கமும் ஒரே பீடத்திலிருந்து வந்த அப்பத்தை வாங்கி, அதே நன்றியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்தோத்திரம் சுவரை அசைக்கவில்லை.

முதற்பலன் படைக்கிறவன் என்ன பேச வேண்டும் என்று உபாகமம் 26ஆம் அதிகாரம் எழுதிவைத்திருக்கிறது. நம் அறுப்பின் பண்டிகைகளில் இதை வாசிப்பார்கள், கேட்பதில்லை. கூடையை வைத்துவிட்டு அவன் 'மழை தந்தீர், விளைச்சல் தந்தீர்' என்று தொடங்குவதில்லை. என் தகப்பன் அலைந்து திரிந்தவன், எகிப்தில் எங்களை ஒடுக்கினார்கள், கூப்பிட்டோம், கேட்டீர் என்று அடிமைச் சரித்திரத்தைச் சொல்லிவிட்டுத்தான் கனியைக் காட்டுகிறான். பிறகு அந்நியன், திக்கற்றவன், விதவை ஆகியோரின் பங்கு. தலித் இறையியலைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான அர்விந்த் நிர்மல் தன் கட்டுரைக்கு இந்தப் பகுதியை அடித்தளமாக எடுத்துக்கொண்டது தற்செயல் அல்ல. அலைந்து திரியும் சுதந்திரம்கூட எங்கள் முன்னோருக்கு இருந்ததில்லை என்று அவர் அந்த அறிக்கையைத் திருத்தி வாசித்தார். இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அந்தக் கனி விளைந்த நிலம் கானானியருடையது. பிறருடைய நிலத்துக்காக நன்றி சொல்வதா என்று அமெரிக்கப் பூர்வகுடியினரான ராபர்ட் ஆலன் வாரியர் 1989இல் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அறிதல் என்று தொடங்கினால் அது நமக்கு வசதியான இடத்தில் நின்றுவிடாது என்பது மட்டும் தெரிகிறது.

எங்கள் சேகரத்தில் அந்த அதிகாரத்தை ஒரு கூலிக்காரி எழுந்து நின்று தன் சரித்திரத்தோடு சொல்லியிருந்தால்? 'நன்றி கெட்டவ' என்றிருப்பார்கள். அந்தச் சொல் எனக்கும் கிடைத்தது. விடுதியில் எங்கள் தெருப் பையன்களுக்குத் தனிப் பந்தி எதற்கு என்று கேட்ட அன்று, ஒரு பெரியவர் சொன்னார்: 'மிஷன் பள்ளிக்கூடம் இல்லேன்னா நீ மாடு மேச்சிக்கிட்டு இருந்திருப்பலே. நன்றி வேண்டாமா?' உண்மை. மிஷன் பள்ளிக்கூடம் இல்லையென்றால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அதை மறுக்கிற அயோக்கியத்தனம் எனக்கு வேண்டாம். ஆனால் அந்த நன்றியை வைத்து என்ன செய்வது?

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசிய வேதநாயகம் அசரியா எனக்கு இந்த இடத்தில் உதவுகிறார். வெள்ளாளன்விளையில் பிறந்தவர், அப்போது முப்பத்தைந்து வயது. மிஷனரிகளின் தியாகத்துக்கு இந்தியச் சபை என்றைக்கும் நன்றியோடு இருக்கும் என்று அவர்கள் முகத்துக்கு நேராக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட அதே மூச்சில், இன்னும் ஒன்று வேண்டும், எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்றார். கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. கொடுத்தவனிடம் போய், நீ கொடுத்ததை நான் அறிவேன், ஆகவே இனி என்னோடு சமமாக உட்கார் என்று சொல்லும் நன்றி அது. மோஸின் கணக்கில் அதற்கு இடமில்லை. இரண்டு வருஷம் கழித்து அசரியா ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார் என்பது வேறு கதை.

அவர் முன்நின்று 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்று கொள்கை வைத்துக்கொண்டது. இந்தியப் பணம் என்றால் யாருடைய பணம்? எங்கள் பக்கத்தில் சபைப் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலயத்தில் போடுவார்கள். கைப்பிடி அரிசி. மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போய்விடும். அம்மா எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து போட்டாள். பஞ்ச காலத்தில் ஒரு வேளை மட்டும் உலை வைத்தபோதும் போட்டாள். ஒரு பிடி ஐம்பது கிராம், நாளுக்கு ஒரு வேளை என்று குறைத்தே வைத்தாலும் வருஷத்துக்குப் பதினெட்டு கிலோ ஆகிறது. நாற்பது வருஷத்துக்கு எழுநூறு கிலோவுக்கு மேல். கோயிலில் எந்தக் கல்வெட்டிலும் அது இல்லை. மின்விசிறியின் இறக்கையில்கூட உபயம் என்று பேர் எழுதுகிறவர்கள் கைப்பிடி அரிசிக்கு ரசீது போட்டதில்லை. எனக்கு எழுத்து கொடுத்த பள்ளிக்கூடத்தின் சம்பளத்தில் அந்த அரிசியும் இருந்தது. நன்றி வேண்டாமா என்று கேட்ட பெரியவர் சாப்பிட்ட சோற்றிலும் இருந்திருக்கும்.

அம்மாவின் பதிலை இன்று நான் முழுக்க ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது. 'அவுகளுக்கா குடுத்தேன்' என்பது அவமானத்தை அவமானம் என்று சொல்லாமல் தாண்டிப் போகிற வழி என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு. அதைப் புனிதப்படுத்தி, பார் எங்கள் ஏழைகளின் விசுவாசத்தை என்று பிரசங்கத்தில் உதாரணம் காட்டுகிறவனை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் ஒன்றை நான் வெகுநாள் கவனிக்காமல் இருந்துவிட்டேன். பச்சைக் காய் கொண்டுபோனால் முப்பது ரூபாய்க்கும் போகும், கைதட்டலும் கிடைக்கும் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துவிட்டது. உபதேசியாரும் பதமாகச் சொல்லிப் பார்த்தார்: 'ஏட்டி, ரெண்டு தேங்கா கொண்டாந்தா போதாதா?' அடுத்த வருஷம் கூரையில் பூசணி நன்றாகவே காய்த்திருந்தது. அதைக் குழம்பு வைத்துவிட்டு, கடையில் மறுபடியும் கடன் சொல்லி வெல்லம் வாங்கி, அதிரசம்தான் சுட்டாள். இந்தத் தடவை நூறு.